மகனின் கைப்பேசியில் அம்மாவின் உடல்நிலை

ஐ.சி. என்று வழங்கும் மலேசிய அடையாள அட்டையின் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பினாங்கில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 48-இல் தொடங்கி, நடுவில் 07 வந்து, இரட்டைப்படையில் முடிகிற ஒரு ஐ.சி.யை ஜோர்ஜ்டவுன் கிளினிக் கவுண்டரில் நீட்டினால் போதும்; வாய் திறக்குமுன்பே அந்த அம்மாவின் வயதும் ஊரும் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். 1948 இந்த நாட்டில் ஆள்பதிவு தொடங்கிய ஆண்டும்கூட. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலத்தை அறிவித்த பிரிட்டிஷ் அரசு, பன்னிரண்டு வயதைத் தொட்ட எல்லாரும் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அன்று பிறந்த தலைமுறை பதிவேட்டிலேயே வளர்ந்து பதிவேட்டிலேயே மூப்படைந்திருக்கிறது. அரசுக்கு அவர்களைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2001 செப்டம்பரில் சில்லு பதித்த மைகாட் வந்தபோது ஒரு நல்ல எண்ணமும் கூடவே வந்தது. ஓட்டுநர் உரிமம், கடப்பிதழ் விவரம் இவற்றோடு, அட்டைக்குரியவரின் ரத்த வகை, ஒவ்வாமை, நாட்பட்ட நோய் ஆகியவற்றையும் அந்தச் சில்லிலேயே எழுதி வைக்கலாம் என்றார்கள். சாலையில் மயங்கி விழுந்த ஒருவருக்குப் பென்சிலின் ஆகாது என்பதை அவர் பையில் இருக்கும் அட்டையே மருத்துவருக்குச் சொல்லும். அட்டையில் இடம் இருந்தது. அன்றாட வைத்தியத்தில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை.

அதற்கும் முன்னால், 1997-இல், தொலைமருத்துவத்துக்கான தேசியத் திட்ட வரைவு ஒன்று வெளியானது. முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்பக் கனவின் ஒரு பகுதி அது. தாய் வயிற்றில் இருக்கும் நாள் முதல் கண் மூடும் வரை ஒவ்வொருவருக்கும் ஒரே வாழ்நாள் நலப் பதிவு. எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பதிவு அவருக்கு முன்னே திறக்கும். 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை காகிதமே இல்லாமல் இயங்குவதாகப் பெயர் பெற்றது. வெளிநாடுகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 48-இல் பிறந்த பினாங்கு அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பதை ஒட்டி. வாக்களிக்கப்பட்ட அந்த ஒற்றைப் பதிவுக்காகக் காத்திருந்தபடியே அவர் மூத்த குடிமகள் ஆகிவிட்டார்.

இந்த இடைக்காலத்தில் அவருடைய நலப் பதிவு எங்கே இருந்தது என்று கேட்டால், ஜாலான் பேராக் கிளினிக்கிலோ ஜாலான் ரெசிடென்சியின் பெரிய ஆஸ்பத்திரியிலோ காலை ஏழு மணிக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மடியைப் பார்க்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் பச்சைப் புத்தகம், ஓரம் மடங்கிய அப்பாயின்மென்ட் அட்டை, ரப்பர் பட்டை போட்ட மாத்திரை அட்டைகள், எப்போதோ தனியார் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே, எழுத்து மங்கிப்போன ரசீது. மருந்தகக் கவுண்டரில் இருக்கும் இளம்பெண், "ஆன்ட்டி, உபாட் டாரா திங்கி மாசே அடா?" என்று கேட்கிறாள். ரத்த அழுத்த மாத்திரை இன்னும் இருக்கிறதா என்பது கேள்வி. அந்த அம்மா பதில் சொல்லாமல் பையையே கவுண்டர்மேல் கவிழ்க்கிறார். நாட்டின் மிக நம்பகமான தரவுத்தளம் இன்றும் அந்தப் பைதான் என்று சொன்னால் மிகையில்லை.

அது போதாது என்பதையும் மருந்தாளர்கள் அறிவார்கள். 2019-இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியர்களிடையே அது பத்தில் மூவர் என்ற அளவு. 2023-இன் ஆய்வு, நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு முதலிய நாட்பட்ட நோய்களில் மூன்று ஒரே உடம்பில் சேர்ந்தவர்கள் 23 லட்சம் பேர் என்றது. மூன்று நோய் என்றால் மூன்று இடம். சர்க்கரைக்கு அரசாங்கக் கிளினிக், இதயத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி, முழங்கால் வலி தாங்காத இரவுக்கு மறுநாள் தெருமுனைத் தனியார் கிளினிக். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு இடத்தில் கொடுக்கப்பட்டால், நிறம் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்குவார்கள். முழங்காலுக்குக் கொடுத்த வலிநிவாரணி, ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மூட்டு பார்த்தவருக்குச் சிறுநீரகத்தின் கதை தெரியாது; சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கும் தோன்றாது. முதியவர் நலனில் தரவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மாத்திரை போதும்.

பினாங்கில் இந்த இடைவெளி இன்னும் அகலம். சுமத்ராவிலிருந்து விமானம் ஏறி வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெயர்பெற்ற தனியார் மருத்துவமனைகள் இந்தச் சின்னத் தீவில் இருக்கின்றன. கையில் காசு இருக்கும்வரை அங்கே; சேமிப்பு கரைந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. உள்ளூர் முதியவர்கள் பலரின் வழி இதுதான். கோப்பு அவர்களோடு இடம்பெயர்வதில்லை. பணம் கட்டி மருத்துவ அறிக்கை வாங்கி வர வேண்டும், அல்லது எல்லாப் பரிசோதனையையும் மறுபடி தொடங்க வேண்டும்.

முகவரிக்கும் ஒரு கதை உண்டு. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தவர்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பு முற்றிலும் போனது. வாடகை எகிறியது, குடும்பங்கள் கலைந்தன. லெபோ பாசாரிலும் லெபோ குயினிலும் மூன்று தலைமுறை இருந்தவர்கள் பாயா தெருபோங் அடுக்குமாடிக்கும், கடல் தாண்டிச் செபராங் பிறைக்கும் போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, கொண்டாடுவதற்குக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்கள் பலர் இல்லை. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பெற்றோர் மருத்துவப் படிவத்தில் முகவரி என்ற கட்டத்தில் பழைய தெருவையும், தொலைபேசி என்ற கட்டத்தில் தூரத்திலிருக்கும் மகனின் எண்ணையும் எழுதினார்கள். வேறு எதை எழுதுவார்கள்?

அந்தக் கட்டத்தின் விளைவு பெருந்தொற்றில் வெளிப்பட்டது. 2020 ஏப்ரல் 16 அன்று மைசெஜாத்ரா செயலி அறிமுகமானது. முதலில் நோய்த்தொற்றைக் கண்காணிக்க. பிறகு கடைக்குள் நுழைய. 2021 பிப்ரவரியிலிருந்து தடுப்பூசிக்குப் பதிய. அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான இரண்டாம் கட்டம் 2021 ஏப்ரல் 19-இல் தொடங்கியது. யாருக்குத் தடுப்பூசி முதலில் தேவையோ, அவர்களிடம்தான் அந்தச் செயலியை இயக்கும் கைப்பேசி குறைவு. பலரிடம் இருந்தது விசைப்பொத்தான் வைத்த பழைய கைப்பேசி.

அரசு இதை உணராமல் இல்லை. தொலைபேசி வழியும் கிளினிக் வழியும் பதியலாம் என்றது. செயலிக்குள் 'தங்கோங்கான்' என்று ஓர் இடம் வைத்து, பிள்ளைகள் தங்கள் பெயரின்கீழ் பெற்றோரைச் சேர்க்க வழி செய்தது. லட்சக்கணக்கான முதியவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். ஆனால் தேதி குறித்த செய்தி மகனுக்குப் போகும், மகன் ஷா ஆலாமில் ஷிப்டில் இருப்பான், மறுநாள்தான் பார்ப்பான். ஆஸ்ட்ராசெனக்கா தடுப்பூசியை விருப்பப்பட்டவர்களுக்குத் தனியாக இணையத்தில் திறந்துவிட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு பட்டவர்த்தனமானது. 2021 மே 2-இல் கோலாலம்பூர், சிலாங்கூருக்கு ஒதுக்கிய சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. மாதக் கடைசியில் பினாங்கையும் சேர்த்துத் திறந்தபோது இணையத்தளம் திணறியது. விரல் வேகமுள்ளவர்கள் முந்தினார்கள். ஆயினும் அந்த மாதங்களில் பினாங்கு முதியவர்கள் தடுப்பூசி பெற்றது எப்படி என்ற வரலாறு எழுதப்படும்போது, தன் கைப்பேசியில் அக்கம்பக்கத்துப் பாட்டி தாத்தாக்களைப் பதிந்துகொடுத்த அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும், கோயில் தொண்டர்களுக்கும், காப்பிக்கடைக்காரர்களுக்கும் அதில் இடம் வேண்டும். அரசின் செயலி ஓடியது அவர்கள் தோளின்மேல்.

முதியவரின் தரவு முதியவரிடம் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. குடும்பத்துக்குள் பாசம் இருக்கும்வரை இதில் என்ன குறை என்று தோன்றலாம். குறை பாசத்துக்கு உள்ளேயேதான் இருக்கிறது. சிறுநீர் அடங்காமல் போவதை மகனிடம் சொல்ல எந்த அம்மா விரும்புவார்? தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுப்பதை மருமகளிடம் மறைப்பவர்கள் எத்தனை பேர்! மறுபக்கமும் உண்டு. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று அறைக்கு வெளியே கையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளை எல்லாப் புற்றுநோய் மருத்துவருக்கும் தெரியும். பரிசோதனை முடிவு மருத்துவர் வாயிலிருந்து வந்த காலத்தில், யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஒரு கணம் இருந்தது. முடிவு நேராகக் கைப்பேசிக்கு வரும் காலத்தில் அந்தக் கணத்தை மென்பொருள் எழுதியவர் தீர்மானிக்கிறார். அம்மாவின் உடம்பைப் பற்றி முதலில் அறிபவர் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதை எங்கேயாவது யாராவது விதியாக எழுதி வைக்க வேண்டும்.

மைசெஜாத்ரா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி 2022 மார்ச்சில் வெடித்தது. தனியார் நிறுவனம் ஒன்று சமூகப் பணியாகச் செய்துகொடுத்த செயலி. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே முறையான ஒப்பந்தம் இல்லை என்பது நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் விசாரணையில் தெரிந்தது. தரவு முழுவதும் அமைச்சுக்கே சொந்தம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் உறுதி கூறினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வேறொன்றைச் சொன்னது: 2021 அக்டோபர் இறுதியில், 'சூப்பர் அட்மின்' கணக்கு ஒன்றின் வழியாக, தடுப்பூசி பெற்ற 30 லட்சம் பேரின் விவரங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தன. 2024 ஜனவரி 2-இல் தொடங்கிய பாடு என்ற மையத் தரவுத்தளத்திலோ, ஒருவரின் ஐ.சி. எண் தெரிந்தால் அவர் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம் என்ற ஓட்டை முதல் சில நாள்களிலேயே சுட்டிக்காட்டப்பட்டு அடைக்கப்பட்டது. அண்டை நாட்டிலும் இத்தகைய கசிவு நடந்தது. 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினியிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவு போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துப் பட்டியலும் அதில் ஒன்று.

முதியவரின் விவரம் கசிந்தால் அது எங்கே போய் வலிக்கும் என்பது பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொலைபேசியில் அதிகாரிபோலப் பேசி, கைது என்று மிரட்டி, ஓய்வுக்காலச் சேமிப்பை உருவும் 'மக்காவ்' மோசடிக் கும்பல்களுக்கு வயதானவர்கள் எளிதில் இரையாகிறார்கள். பெயர், ஐ.சி. எண், எந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் என்பதெல்லாம் சரியாகச் சொல்லும் குரலை எழுபத்தைந்து வயதில் எப்படிச் சந்தேகிப்பது? 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. பெரிய ஆஸ்பத்திரியின் கோப்புக்கும் அரசாங்கக் கிளினிக்கின் கணினிக்கும் அந்தச் சட்டத்தின் காவல் இல்லை. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் மத்திய அரசு நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாற வழி திறந்தது. கதவு அகலமாகியிருக்கிறது. காவலும் சேர்ந்து வளர வேண்டும்.

பதிவில் குடிமக்களாக இடம் பெறாதவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டு, வாழ்நாள் முழுவதும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி.யோடு கழித்த தமிழ் முதியவர்கள். 2018 ஜூனில், அறுபது வயதைத் தாண்டிய, நிரந்தரவாசிகளாக இருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். இந்த மண்ணிலேயே ரப்பர் மரம் வெட்டி முதுகு வளைந்தவர்களுக்கு, நாட்டின் குடிமக்கள் என்ற பெயர் அறுபதுக்குப் பிறகுதான் கிடைத்தது.

தரவால் ஆகக்கூடிய நன்மையும் கண்ணுக்குத் தெரிகிறது. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் வறியவர்கள் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை; உதவித்தொகைப் பட்டியலில் இருந்தாலே இலவச உடல் பரிசோதனைக்கும், இதயத்துக்கு வைக்கும் கருவி போன்றவற்றுக்கும் தகுதி உண்டு. ஐ.சி. எண்ணைத் தட்டினால் கணினி ஆம் என்று சொல்லும். தட்ட வேண்டும் என்று அந்த முதியவருக்கு யார் சொல்வது? கணினி அவரைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் மறுமுனையிலிருந்து தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊரைச் சேர்ந்த பெண் ஊழியர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, விவரத்தைத் தன் கருவியில் ஏற்றுகிறார். கணினியை இயக்கும் பாரம் முதியவர்மேல் விழுவதில்லை. அந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு, ஊழியர்களின் ஊதியம் அதில் ஒன்று. ஆனாலும் வடிவம் சரி.

மலேசியாவும் இதைத் தன் வழியில் செய்து காட்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் 100 ரிங்கிட்டை மைகாட்டிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கடையில் அட்டையை நீட்டினால் அரிசியும் பாலும் வாங்கலாம். முதல் நாள் கணினி தடுமாறியது. மறுநாள்களில் பாட்டிமார் யார் துணையும் இல்லாமல் வாங்கினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மருந்து ஒவ்வாமையை எழுதுவதற்கென்று இடம் விட்டுவைத்த அதே அட்டை.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை மின்பதிவை மீண்டும் முன்வைத்தது. கிளினிக்குகளுக்கான மேகக் கணினி முறை ஒவ்வொன்றாகப் பரவுகிறது. பரவட்டும், பிளாஸ்டிக் பையைத் தூக்கி அலையும் கைகளுக்கு அது ஓய்வு தர வேண்டும். ஆனால் அதை முதியவருக்கு ஏற்றதாகச் செய்யச் சில காரியங்கள் பாக்கி. எஸ்தோனியாவில் 2008 முதல் நாடு முழுவதற்கும் மின்மருத்துவப் பதிவு இருக்கிறது. தன் கோப்பை எந்த மருத்துவர் எப்போது திறந்து பார்த்தார் என்பதை நோயாளி தானே பார்க்கலாம். ஜோர்ஜ்டவுன் அம்மாவுக்கும் அந்தப் பட்டியல் கிடைக்க வேண்டும், திரையில் மட்டுமன்றித் தாளிலும். ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் எந்த மாத்திரை எதற்கு என்று அவர் வாசிக்கும் மொழியில், கண்ணுக்குத் தெரியும் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை.

மறதி நோய் இன்னும் கடினமான கேள்வி. 2018-இன் முதியோர் ஆய்வு, அறுபது வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணித்தது. கடவுச்சொல்லை மட்டுமல்ல, மகளின் முகத்தையே மறந்துவிட்டவரின் சார்பில் யார் பதிவைத் திறப்பது? சிங்கப்பூரில் மனத்திறன் சட்டம் 2008-இல் வந்தது. தெளிவாக இருக்கும் நாளிலேயே, பின்னாளில் எனக்காக இன்னார் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் எழுதிவைக்கலாம். மலேசியாவில் 1949-இன் அதிகாரப்பத்திரச் சட்டம்தான். அதன்படி கொடுத்த அதிகாரம், கொடுத்தவரின் மனத்தெளிவு போன அன்றே செல்லாததாகிவிடும். மிக வேண்டிய நாளில் அது உதவாது. அம்மாவின் கடவுச்சொல்லைத் தன் நோட்டில் எழுதிவைத்து, அப்பாயின்மென்ட்டை மாற்றி, மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போடும் மகளுக்குச் சட்டத்தின் கண்ணில் எந்த இடமும் இல்லை. அவள்தான் இந்த நாட்டின் முதியோர் நலத் தரவை உண்மையில் நடத்துகிறவள். 1969 முதல் ஜோர்ஜ்டவுனிலிருந்து பயனீட்டாளர்களுக்காகக் குரல் எழுப்பிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், கிளினிக்குகளில் புதிய முறை முழுதாக ஓடத் தொடங்குமுன், அவளுடைய பெயருக்கு ஒரு கட்டத்தையும், அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதலாம் என்று சொல்லும் அவள் அம்மாவின் உரிமையையும் கேட்டு வாங்கித் தர வேண்டும்.